கைநீட்டம்

"உண்மையைச் சொல்லணும் சார். மகளுக்கு வருமானம் ஏதாவது உண்டா?"

"ஒரு பைசா கிடையாது மேடம். வீட்டுச் சோறும் என் ஸ்கூட்டருமாக்கும் அவளுக்கு வருமானம்" என்றார் சத்தியதாஸ்.

பாறசாலையில் அன்று காலைதான் அந்தப் பெண் திறந்த வருமானவரி ஆலோசனை அலுவலகம் அது. பெயின்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை. பொழியூரில் படகு எஞ்சின் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் சத்தியதாஸ், பெயர் போன கைராசிக்காரர். சுற்றுவட்டாரத்தில் யார் கடை திறந்தாலும் முதல் காசான கைநீட்டத்தை அவரிடம்தான் வாங்குவார்கள். இன்று அவருக்கும் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. மகளுக்குக் கட்டிய மருத்துவக் காப்பீட்டுப் பணத்தை வரியில் கழித்தாக வேண்டும்.

"மகளுக்கு வயசு?"

"இருபத்தாறு."

"அவ்வளவு பெரிய ஆளு உங்களை நம்பியா இருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க. பொய்யின்னா நான் எழுத மாட்டேன்."

அவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். முதல் ஆளையே திருப்பி அனுப்பிவிடுவாள் போலிருக்கிறதே.

"சத்தியமாக்கும் மேடம். போன வருஷம் முழுக்க பரீட்சை, பரீட்சைன்னு வீட்டிலதான் இருந்தா. வெயில் உச்சிக்கு ஏறினாலும் எழும்ப மாட்டா. மீன்குழம்பு வச்சா தலைத்துண்டு மட்டும் யாருக்கும் விட்டுத் தர மாட்டா."

"ராத்திரி முழுக்கப் படிச்சிருப்பா" என்றாள் அந்தப் பெண், சற்றுக் கடுப்புடன்.

"படிச்சா, இல்லேன்னு சொல்லல்ல. போன் பாத்ததையும் நான் பாத்தேன்."

உதட்டைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டரில் தட்டினாள். "சரி, போன வருஷக் கணக்குதானே. உங்களைச் சார்ந்த மகள்னு போட்டாச்சு."

சத்தியதாஸுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஒரு புது ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார்.

"வேண்டாம் சார்." அவள் கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"பீஸ் வாங்காம வேலை பாத்தா ஆபீஸ் விளங்குமா? பிடிங்க மேடம்."

இரண்டு கையாலும் வாங்கி, மேசையிலிருந்த பைபிளுக்குள் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அடுத்த வருஷம் இந்தக் கழிவு கிடைக்காது, கேட்டுக்கிடுங்க."

"அதென்ன?"

"உங்க மக சம்பாதிக்கத் தொடங்கியாச்சே, அப்பா" என்றாள் ஜீனா, 'ஆபீஸ்ல சார், மேடம்தான்' என்று காலையில் வீட்டில் தானே போட்ட சட்டத்தை மறந்து.

"அதுக்காக்கும் மக்கா வந்தேன்" என்றார் சத்தியதாஸ்.