பிரேக் இல்லாத வண்டி

"தலைவர் இந்தத் தடவையும் சொதப்பியிருந்தா, சங்கத்தை இன்னிக்கே கலைச்சுடணும். சும்மா இழுத்துக்கிட்டே போறதுல அர்த்தமில்ல, ஒஸ்மோ!"

சொல்லிவிட்டு பென்ட்டி ஒரு காகிதத்தை மேசையில் வைத்தார். பாடகர் தௌனோ கிவெலா ரசிகர் சங்கத்தின் கலைப்புத் தீர்மானம். கையெழுத்துகள்தான் பாக்கி.

செயலாளர் ஒஸ்மோ அதைக் கவிழ்த்து வைத்தார். நாற்பத்தோரு வருஷமாக அவர் வீட்டுக் கார் கொட்டகைதான் சங்க அலுவலகம். ஒரு காலத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். ராக் இசைக்குழுவை விட்டு வந்து தௌனோ தனியாகப் போட்ட இரண்டு ஆல்பங்களும் ஊற்றிக்கொண்டன. எழுபத்திரண்டு வயதில் குரல் கீச்சுக் குரலாகிவிட்டது என்று ஆளாளுக்குக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது ஏழு பேர். இன்று மூன்றாவது ஆல்பம் வெளியாகிறது.

"முதல்ல கேப்போம்டா. கேட்டுட்டு அப்புறம் கொள்ளி வை" என்றார் ஒஸ்மோ.

இசைத்தட்டு அட்டையில் தௌனோ மோட்டார் சைக்கிளில் பறந்துகொண்டிருந்தார். ஆல்பத்தின் பெயர் 'பிரேக் இல்லாத வண்டி'. ஒஸ்மோ இசைத்தட்டைத் துடைத்துத் தன்னுடைய பழைய ரெக்கார்ட் பிளேயரில் வைத்தார். அந்தப் பெட்டியை வேறு யாரும் தொடக் கூடாது, அவர் மனைவி உள்பட.

டிரம் ஒரு அடி விழுந்தது. சாவகாசமாக இன்னொரு அடி. பிறகு அந்தக் குரல், கிணற்றடியிலிருந்து ஏறி வருவதுபோல் கனமாக வந்தது. ஏழு தலைகளும் தானாகக் குனிந்தன.

ஒரு பக்கம் ஓடி முடிந்தபோது பென்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெற்ற தாயை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றுகூட, பனி அதிகம் என்று மட்டும் சொன்ன மனுஷன் அவர்.

"பரவால்ல" என்றார்.

எல்லோரும் திடுக்கிட்டார்கள். அவர்கள் ஊரான கொத்காவில் இதற்கு மேல் பாராட்டே கிடையாது.

"கீச்சுக் குரல்னு சொன்னவன்லாம் இனிமே மூஞ்சிய எங்க வெச்சுக்குவான்?" என்றார் ஒஸ்மோ.

"பேரு பிரேக் இல்லாத வண்டி. பாட்டு நகரவே மாட்டேங்குது. என்னா குத்தல் பாரு! முதுமையைச் சொல்றார்டா மனுஷன்!" என்றார் இன்னொரு உறுப்பினர்.

காபியும் பன்னும் எடுத்து வந்த ஒஸ்மோவின் மனைவி இர்மெலி முகம் சுளித்தாள்.

"என்ன ஒஸ்மோ இது, சீக்கு மாடு முனகுற மாதிரி?"

"உனக்கு என்ன தெரியும்? இதுக்குப் பேருதான் ஆழம்!"

"ஆழமோ என்னமோ. எனக்குத் தூக்கம்தான் வருது."

அவளை யார் சட்டை செய்தார்கள்? பென்ட்டி எழுந்து, கலைப்புத் தீர்மானத்தை நான்காகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். ஒஸ்மோ முதல் பன்னை அவருக்கே எடுத்துக் கொடுத்தார்.

சரியாக நாலு மணிக்கு போன் அடித்தது. ஆல்பம் வெளியாகும் நாளில் தௌனோவே சங்கத்துக்கு போன் செய்வது வழக்கம். ஒஸ்மோ எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னப்பா, கேட்டீங்களா? மறைக்காம சொல்லுங்க. இன்டர்நெட்ல காலையிலேருந்து கிழிச்சுத் தொங்க விடறானுங்க. மூச்சு வாங்க ஓடறான் கிழவன்னு ஒருத்தன் எழுதியிருக்கான். நீங்களும் நல்லா இல்லன்னு சொல்லிட்டா, இதோட கிட்டாரைத் தூக்கிப் பரண்ல போட்டுடறேன்."

"தலைவா! அழுதுட்டோம் தலைவா! அந்தக் குரல்! அந்த நிதானம்!" என்றார் ஒஸ்மோ.

"நிதானமா? என்னப்பா உளறே? என் வாழ்க்கையிலேயே இவ்வளவு வேகமா ஒரு ஆல்பம் போட்டதில்ல. நீங்க எதைக் கேட்டுத் தொலைச்சீங்க? போனை அது பக்கத்துல வை."

ஒஸ்மோ பாட்டை மறுபடி ஓட விட்டு போனைப் பக்கத்தில் பிடித்தார். தௌனோ ஒரு நிமிஷம் கேட்டார்.

"பாட்டு என்னோடதுதான்" என்றார் தௌனோ. "ஆனா பாடறவன் யாரு? எவனோ என் பாட்டைச் சுட்டு, என்னைவிட நூறு மடங்கு நல்லா பாடியிருக்கானே! இனிமே நான் எதுக்குப்பா பாடணும்?"

ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இர்மெலி மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒஸ்மோ, இங்க பொடி எழுத்துல போட்டிருக்கு பாரு. நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்துல ஓட்டணுமாம். உன் பெட்டி எத்தனையில ஓடுது?"

"எப்பவும் போல... முப்பத்து மூணுலதான்..." ஒஸ்மோவின் குரல் இறங்கிக்கொண்டே போனது.

அவள் கொஞ்சமும் தயங்காமல் பெட்டியின் வேகக் குமிழைத் திருகினாள். டிரம் படபடவென்று அடித்தது. மூச்சிரைக்க, கீச்சுக் குரலில் ஒரு கிழவர் பாட்டைத் துரத்திக்கொண்டு ஓடினார். சந்தேகமே இல்லை, தௌனோவேதான்.

"அப்ப சங்கத்தைக் கலைச்சுட வேண்டியதுதான்" என்றபடி பென்ட்டி மெல்ல எழுந்து போய்க் குப்பைத்தொட்டியில் காகிதத்தின் நான்கு துண்டுகளையும் தேட ஆரம்பித்தார்.

போனில் ஒரு செருமல் கேட்டது.

"அம்மா, அந்தக் குமிழைப் பழைய இடத்துக்கே திருப்பிடுங்க" என்றார் தௌனோ. "சங்கத்தைக் கலைக்காதீங்கப்பா. முதல்ல பாடினான் பாரு, அவனுக்குத்தான் சங்கம்னா, எட்டாவது ஆளா என்னையும் சேத்துக்குங்க!"