ஏலம் போகாத சாசேஜ்

பரங்கிக்காய்க்குக்கூட அடித்துக்கொண்ட கூட்டம், பேபி அக்காவின் சாசேஜ் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டியதும் கப்சிப் ஆகிவிட்டது.

தாம்பரத்தில் சர்ச் வளாகத்தில் அறுப்பின் பண்டிகை ஏலம். சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த காய்கறி, கோழி, பலகாரம் எல்லாவற்றையும் மேஜைமேல் ஏறாத குறையாகக் கூவி விற்றுக்கொண்டிருந்தார் அசரியா. "இருபது ரூபா! கேளுங்கய்யா, பேபிம்மா கைப்பக்குவம்!"

"அதான் சார் சொன்னாரே, கேன்சர் வரும்னு" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது பியூலாவின் காதில் விழுந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அந்தச் சார் அவள் கணவர்தான். மேல்நிலைப்பள்ளியில் விலங்கியல் வாத்தியாரான வேதசிரோமணி. போன வருஷம் இதே பன்றிக்கறிச் சாசேஜுக்கு மல்லுக்கட்டி, முந்நூறு ரூபாயில் சுந்தர்சிங்கிடம் தோற்றவர். அப்புறம் எந்தப் பத்திரிகையில் என்ன படித்தாரோ, ஆளே மாறிவிட்டார்.

"கறி ஏன் அப்படிச் செக்கச்செவேல்னு இருக்கு? வெடியுப்பு போட்டுப் பதப்படுத்துறாங்க! குடலுக்குள்ள போய் அது என்ன பண்ணும் தெரியுமா?" கல்யாண வீடு, மின்சார ரயில், ஜெபக்கூட்டம் என்று எந்த இடத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. சாசேஜ் என்ற பேச்சை எடுத்தாலே சுந்தர்சிங் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்.

மறுபடியும் கூவிப் பார்த்தார் அசரியா. பேபி அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. விமானப்படை மெஸ்ஸில் சமையல்காரராக இருந்து இறந்துபோன புருஷன் சொல்லிக்கொடுத்த பக்குவம் அது. வருஷத்துக்கு ஒருமுறை, இந்தப் பண்டிகைக்கென்றே செய்வாள்.

"வுடுங்கண்ணா, நானே எடுத்துகினு போயிடறேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

பியூலாவுக்குப் பொறுக்கவில்லை. கணவரின் விலாவில் இடித்தாள். "என்னங்க, எல்லாம் உங்களாலதான். பாவம்ங்க அந்த அக்கா."

வேதசிரோமணி பெருமூச்சு விட்டு எழுந்தார். "இருபத்தஞ்சு! கர்த்தருக்குன்னு கொண்டாந்தது திரும்பிப் போகக் கூடாது."

கூட்டம் கைதட்டியது. பேபி அக்கா இரண்டு கையையும் கூப்பினாள். "உங்களுக்குப் பெரிய மனசு சார்" என்று சுந்தர்சிங்கே வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். பியூலாவுக்கும் கணவரை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது.

வீடு வந்து சேர்ந்ததும், பொட்டலத்தை விரல் நுனியில் தொங்கவிட்டபடி அவள் கொல்லைப்பக்கம் நடந்தாள். "நாய் கீய் தின்னுடப் போவுது. மாமரத்தடியில குழி தோண்டிப் புதைச்சிடட்டுமாங்க?"

வேதசிரோமணி வாசற்கதவைத் தாழிட்டார். ஜன்னலையும் சாத்தினார்.

"ஒரு வருஷமா தொண்டை வத்தப் பேசியிருக்கேன், போய் வெங்காயத்தை நறுக்கு!"