மீன் கலக்காத தீவனம்

சைதாப்பேட்டைத் தீவனக் கடையில், தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயிலில் தவிட்டுத் தூசி மிதக்கிறது. மயிலாப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்த சூடாமணி, பிளாஸ்டிக் கூடையைத் தராசுக்குப் பக்கத்தில் வைக்கிறாள். உள்ளே, மகள் அடம்பிடித்து வாங்கிய கோழிக்குஞ்சு. ரோஸ் சாயம் பாதி போய்விட்டது. கால்கள் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்து கிடக்கின்றன. “இன்னாம்மா போடறீங்க?” என்கிறார் கடைக்காரர் முனிரத்தினம். “நொய்தான். நனைச்சு நானே ஊட்டிண்டிருக்கேன்.” “வெறும் நொய்ல கால் எப்டிம்மா நிக்கும்? குஞ்சுத் தீவனம் போடணும்.” சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கூடைக்குள் நீட்டுகிறார். கருவாட்டு வாடை குப்பென்று அடிக்கிறது. அவள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொள்கிறாள். “மீன் கலக்காதது இருக்கா? எங்காத்துல இதை உள்ளயே விடமாட்டா.” “மீன் இல்லாம மாட்டுத் தீவனம்தான் கீது.”

காலையிலிருந்து கண் திறக்காத குஞ்சு மெல்லத் தலையைத் தூக்குகிறது. கழுத்தை நீட்டி, அவர் உள்ளங்கையில் இருக்கும் தீவனத்தைக் கொத்தத் தொடங்குகிறது. கூடையை இழுக்கப் போன சூடாமணியின் கை பாதியில் நின்றுவிடுகிறது. சாயம் போன சின்னத் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். “கால் கிலோ கட்டட்டுமாம்மா?” “வேண்டாம்,” என்கிறாள் அவள். “கையை மட்டும் எடுத்துடாதீங்கோ.”