நான்கு மணிப் பிரதி

"நம்ம விர்ச்சுவல் மெஷின்களை நகலெடுத்து வைக்கற ரெண்டு சாஃப்ட்வேரையும் ஓட்டிப் பார்த்தாச்சு. எதை வாங்கலாம்?" என்றார் புதிதாக வந்திருந்த மேலாளர்.

"பேக்கப்தான் சார்," என்றான் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்பவன்.

"அது அரை மணி நேரம் இழுத்தடிக்குதே! ரெப்ளிகேஷன் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுது."

"அது இப்ப இருக்கறதைத்தான் சார் காப்பி பண்ணும். இங்க ஒண்ணு போச்சுன்னா அங்கயும் போயிடும். பேக்கப்னா பழைய நாளுக்கே திரும்பிப் போகலாம்."

"அதுக்காக ஒவ்வொரு சோதனைக்கும் அதே மார்ச் பன்னிரண்டு, சாயங்காலம் நாலு மணியா?"

"அன்னைக்கு நாலு மணிக்கு எல்லாம் சரியா இருந்துச்சு சார்."

"சரியான விடாக்கண்டன்யா!" மேலாளர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு, அந்த நாலு மணிப் பிரதியிலிருந்து மீட்டெடுத்த மெஷினில் அலுவலக வருகைப் பதிவேட்டைத் திறந்தான். வடிவமைப்புப் பிரிவில் மூன்றாவதாக அவன் மனைவியின் பெயர் இருந்தது. உள்ளே வந்த நேரம் 9.02. வெளியே போன நேரத்துக்கான கட்டம் காலி.

அன்று ஐந்து மணிக்கு வாசலைத் தாண்டியதும்தான் அந்த லாரி அவள்மேல் ஏறியது.

திரையில் மணி நான்கு. அவள் இன்னும் கிளம்பவில்லை.