பெருச்சாளியின் வளை

ஊர்க்கோடியில் முள்ளுக்காடாய்க் கிடந்த மனையொன்றில் ஒரு பெருச்சாளி வளை தோண்டிக் குடியிருந்தது. தன் நிழல் கூடவே வந்தாலும் ‘எதற்கு வருகிறது?’ என்று திரும்பிப் பார்க்கிற சுபாவம் அதற்கு.

ஒருநாள் ஆட்கள் வந்து முள்ளையெல்லாம் வெட்டிக் குவித்தார்கள். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்துப் புதரில் இருந்த முயல் மூச்சிரைக்க ஓடி வந்தது.

“அண்ணே, நாளைக்குக் கடைக்கால் தோண்ட பொக்லைன் வருதாம். கிளம்புங்க, வாய்க்கால் பக்கம் போயிடுவோம்.”

பெருச்சாளி மீசை துடிக்க முயலை ஏற இறங்கப் பார்த்தது. இவனுக்கு என் மேல் திடீரென்று என்ன அக்கறை? புதர் போய்விட்டது, படுக்க இடமில்லை. நான் அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் என் வளைக்குள் நுழைந்துவிடுவான்.

“உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போடா” என்று விரட்டியது. அதோடு விடாமல், முயலுக்கு எட்டாத ஆழத்துக்கு வளையைத் தோண்டிக்கொண்டே போனது.

மறுநாள் பொக்லைன் வந்தது. வளையோடு சேர்த்துப் பெருச்சாளியையும் வாரி மண்மேட்டில் கொட்டியது. ஓடிப்போகாமல் வேலியோரம் காத்திருந்த முயல் பதறி வந்து, அதன் முகத்து மண்ணைத் தட்டிவிட்டது.

பெருச்சாளி எட்டிப் பார்த்தது. வளை இருந்த இடத்தில் யானையே இறங்கலாம் போல ஒரு பள்ளம்.

“பாத்தியா! என் வளை மேல ஒருத்தன் கண்ணு வெச்சிருக்கான்னு அப்பவே நினைச்சேன். எவ்வளவு பெரிசாக்கி எடுத்துக்கிட்டான் பாரு!”

பிறகு மெல்ல முயலின் பக்கம் திரும்பியது.

“அது சரி, இடத்தை அவனுக்கு யாருடா காட்டிக் குடுத்தது?”