ஒரு பெஞ்சுக்கு ஒரு வீடு

ஆராதனை தொடங்க இரண்டே நிமிடம் இருக்கும்போது அக்காவும் வந்தாள், தங்கையும் வந்தாள். சேர்ந்து வரவில்லை. ஒரே நேரத்தில் வந்தார்கள், அவ்வளவுதான்.

தேவாலய வாசலில் காவல் நின்ற தையல்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இருவருக்கும் வீடு ஒன்றுதான். கீழே அக்கா, மாடியில் தங்கை. வாசல்மணி இரண்டு, அடுப்பு இரண்டு. ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. படிக்கட்டில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துவிடக் கூடாதே என்று, அவள் போகட்டும் என இவளும் இவள் போகட்டும் என அவளும் கதவுக்குப் பின்னால் காத்திருந்து, கடைசியில் இருவருமே தாமதம்.

சண்டை சொத்துக்காக இல்லை. அம்மாவின் கடைசி நேரத்தில், மூன்று நாள் கண்விழித்த தங்கை அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பாவம், தூங்கட்டும் என்று அக்கா எழுப்பவில்லை. அவள் எழுந்தபோது அம்மா இல்லை.

பாசத்தில் செய்த காரியம்தான். அதனால்தான் இவள் மன்னிப்பும் கேட்கவில்லை, அவள் மன்னிக்கவும் இல்லை.

தொற்றுக் காலத்தில் ஊரே பூட்டிக் கிடந்த ஏழு மாதமும் தையல்காரம்மா இரண்டு பேருக்கும் வாரம் தவறாமல் போன் பண்ணுவாள். இரண்டு பேர்மேலும் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். அக்கா தன் கதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, மாடியில் சத்தமே காணோமே என்பாள். தங்கை, கீழே இருமல் கேட்கிறதே என்பாள். இரண்டு படி ஏறி இறங்கிக் கேட்டுக்கொள்ள மட்டும் இரண்டு பேருக்கும் மனசு வராது.

போன மாதம்தான் தேவாலயம் திறந்தது. ஒரு பெஞ்சுக்கு ஒரு வீடு. இடையிடையே காலியாக விட வேண்டிய பெஞ்சுகளில் தையல்காரம்மாவே சிவப்பு நாடா கட்டியிருந்தாள். மற்ற பெஞ்சுகளுக்கு எண் போட்ட அட்டை. அட்டை தீர்ந்தால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

யாரைத் திருப்பி அனுப்பினாலும் சிரித்த முகமாக அனுப்புங்கள் என்று போதகர் சொல்லியிருந்தார். முகக்கவசத்தை மாட்டிவிட்டுச் சிரி என்றால் எப்படி? தையல்காரம்மா புருவத்தால் சிரிக்கப் பழகிக்கொண்டாள்.

இப்போது புருவமும் ஒத்துழைக்கவில்லை. இருவர் நெற்றியிலும் காய்ச்சல் பார்த்தாள். கைகளில் மருந்து ஊற்றினாள். பிறகு ஒற்றை அட்டையை உயர்த்திக் காட்டினாள்.

"ஒண்ணுதாங்க்கா மிச்சம். ஒரே வீடுன்னா ரெண்டு பேரும் போகலாம். இல்லேன்னா ஒருத்தர் அடுத்த வாரம்தான்."

அக்கா தரையைப் பார்த்தாள். தங்கைதான் முதலில் வாயைத் திறந்தாள், அதுவும் தையல்காரம்மாவிடம்.

"அவங்க போகட்டும். முட்டிவலியோட அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்காங்க."

சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினாள். காரியம் கெட்டது என்றே தையல்காரம்மா நினைத்தாள்.

தங்கை நான்கு எட்டு வைத்திருப்பாள்.

"ஒரே வீடுதான்," என்றாள் அக்கா. "எழுதிக்கோ. ரெண்டு பேரு."

தங்கை நின்றாள். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்கள் கலங்கியிருந்தன. திரும்பி வந்து அக்காவின் பின்னால் உள்ளே போனாள்.

அப்புறம்தான் தையல்காரம்மாவுக்கு உறைத்தது.

அவளுடைய கைப்பைக்குள் இன்னும் நான்கு அட்டைகள் இருந்தன. அவ்வளவு யோசித்துப் பொய் சொன்னவள், உள்ளே போனதும் அவர்கள் கண்ணுக்குக் காலிப் பெஞ்சு தெரியுமே என்பதை யோசிக்கவில்லை.

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

அவர்களுக்கான பெஞ்சு போக, நாடா கட்டாத நான்கு பெஞ்சுகள் ஆளில்லாமல் கிடந்தன. அக்கா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தங்கையும் பார்த்தாள். பிறகு அக்கா வாசல் பக்கம் திரும்பித் தையல்காரம்மாவை ஒரு முறை முறைத்தாள்.

முறைத்துவிட்டு, அட்டையில் இருந்த எண்ணைத் தேடிப் போய் உட்கார்ந்தாள். சுவர் ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள்.

தங்கை காலிப் பெஞ்சுகளின் பக்கம் மறுபடி திரும்பவில்லை. அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.