நடத்தை விதிகள் விலக்கப்பட்டன

"டேய், அந்த வார்த்தைய இங்க சத்தமா சொல்லாத. ரூமோட அள்ளிட்டுப் போயிருவான்" என்றார் ஐயப்பன் அண்ணன், மேல் கட்டிலிலிருந்து.

ஆகவே துபாய் அல் குசைஸ் லேபர் கேம்ப்பிலிருந்து ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பேசும்போதெல்லாம் துப்பாக்கியைச் சாமான் என்றே சொல்லி வந்தேன்.

சாமான் அப்பாவுடையது. காட்டுப்பன்றியிடமிருந்து கடலைக்காட்டைக் காப்பாற்ற, முறைப்படி லைசென்ஸ் எடுத்து வாங்கியது.

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ்காரர்கள் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ரிசல்ட் வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஜனநாயகம் நடக்கிற மாதங்களில் மட்டும் யாரும் யாரையும் சுட வேண்டாம் என்று ஓர் ஏற்பாடு.

இந்தமுறை அப்பா போய் ஒப்படைக்கவில்லை. ஏட்டய்யாதான் வீட்டுக்கு வந்து எடுத்துப் போனார். அம்மாவின் கட்டிலில், அம்மாவின் போர்வைக்குள், தோட்டா போட்டபடி கிடந்ததாம். காட்டுப்பன்றி கட்டிலுக்கா வருது தம்பி என்று ஃபோனில் என்னிடம் சிரித்தார்.

அம்மாவின் காரியம் முடிந்து, அப்பா அந்தக் கட்டிலில் தனியாகப் படுக்கத் தொடங்கிய வாரம் அது. காரியத்தை நான் வீடியோ காலில் பார்த்தேன். லீவு கேட்டதற்கு, சைட் வேலை முடியட்டும் என்றிருந்தார்கள் கம்பெனியில்.

அன்றிலிருந்து, தேர்தல் முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே இந்தியக் குடிமகன் நான்.

கலவரம் வரலாம், மெஷின் பழுதாகலாம், மறு ஓட்டுப்பதிவு வைக்கலாம். ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்து தொலைத்தது. ஜெயித்த கட்சிக்காரர்கள் கேம்ப்பில் லட்டு கொடுத்தார்கள். வாங்கித் தின்றேன்.

ஸ்டேஷன் ரைட்டருக்கு ஃபோன் போட்டபடியே இருந்தேன். வீட்டில் கூரை ஒழுகுது, திருட்டு பயம் இருக்கு, நான் ஊருக்கு வரும்வரை சாமான் அங்கேயே இருக்கட்டும் என்று தினுசு தினுசாகச் சொன்னேன். உண்மைக் காரணத்தைத் தவிர. அதைச் சொன்னால் சாயங்காலமே டீக்கடைக்குப் போய்விடும். அப்புறம் ஊரே அப்பாவை ஒரு மாதிரிப் பார்க்கும்.

இன்று ரைட்டரே கூப்பிட்டார். குரலில் ஏதோ நல்லது செய்துவிட்ட தெம்பு.

விதிப்படி இனி ஸ்டேஷனில் வைத்திருக்க முடியாதாம். அப்பாவுக்குப் பலதடவை சொல்லி அனுப்பியும் ஆள் வரவில்லையாம். அது அங்கேயே இருக்கட்டும் ஐயா, வீட்டில் நான் தனியாக இருக்கிறேன் என்று ஃபோனில் அவரும் கெஞ்சினாராம்.

அவருமா?

சட்டென்று எழுந்ததில் மேல் கட்டில் தலையில் இடித்தது.

"அப்பனும் மகனும் எதுக்கு அலையணும்னு காலைல ஏட்டய்யாகிட்டயே குடுத்தனுப்பிட்டேன் தம்பி. உங்கப்பா கையில வாங்கவே மாட்டேன்னு வாசல்ல நின்னுட்டாரு. அதான், ஏட்டய்யா எடுத்த எடத்துலயே, அந்தக் கட்டில்லயே வச்சுட்டு வந்துட்டாரு."

ரொம்ப நன்றி ஐயா என்றேன். வாய்ப்பழக்கம்.